கடை, வங்கி, மருத்துவமனை கண்ணாடி துடைக்கும் ஆர்டர் பிடிப்பது எப்படி? காவிரி டெல்டாவில் சிறு தொழில் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு வீடுகளுக்கு சன்னல், கண்ணாடி துடைத்துக் கொடுப்பவர்கள், மாதாமாதம் வருமானம் வருகிற கடை, ஆபீஸ் வேலைகளுக்கு மாற நினைக்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து நிலவரத்தை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

வீட்டு வேலையே வந்துகொண்டிருக்கிறதே, கடை ஆர்டர் எதற்கு?

வீட்டுக்காரர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூப்பிடுவார்கள், கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுவார்கள். மற்ற மாதங்களில் ஆளுக்குக் கூலி கொடுக்க வழி தேட வேண்டியிருக்கும். இன்னொரு காரணம் வேலையின் வேகம். நம் பக்கத்து வீட்டு சன்னல்களில் இரும்புக் கம்பி இருக்கும். ரப்பர் பட்டை வைத்த வைப்பர் உள்ளே போகாது, துணியால் கட்டம் கட்டமாகத் துடைக்க வேண்டும். கடை முகப்பில் நாலுக்கு ஏழு அடியில் ஒரே கண்ணாடி நிற்கிறது. பழகிய கை ஒரு பக்கத்தை இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிடும். அதோடு அந்தக் கண்ணாடியில் தினமும் நூறு பேர் கை வைக்கிறார்கள் என்பதால், அடுத்த வாரமும் அங்கே வேலை இருக்கும்.

முதலில் எந்த மாதிரி இடங்களை அணுகலாம்?

நடுத்தர அளவுள்ள, முதலாளியோ மேலாளரோ அங்கேயே உட்கார்ந்திருக்கிற இடங்களைத்தான். கண் மருத்துவமனை, மூக்குக் கண்ணாடிக் கடை, ஸ்கேன் சென்டர், பல் மருத்துவமனை, செல்போன் ஷோரூம், பைபாஸ் ரோட்டில் இருக்கும் பைக், கார் ஷோரூம், பேக்கரி, ஸ்வீட் ஸ்டால் எல்லாம் இதில் சேரும். 'சுத்தமாக இருக்கிறது' என்று வாடிக்கையாளர் நினைத்தால்தான் இவர்களுக்கு வியாபாரம். கண்ணாடி மங்கினால் அவர்களுக்கே உறுத்தும், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய ஜவுளிக்கடைகளில் பெரும்பாலும் தலைமை அலுவலகமே ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தம் போட்டிருக்கும். அங்கே நேராகக் கேட்டால் கதவு திறக்காது. அந்த ஒப்பந்தக்காரரைப் பார்த்து, 'வெளிக் கண்ணாடியை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள்' என்று கேட்கலாம். தரையும் கழிப்பறையும் பார்க்கிற ஆட்களை வைத்திருக்கும் அவர்களுக்கு வெளிக் கண்ணாடி பெரும்பாலும் தொந்தரவான வேலைதான். நகைக்கடையில் ஆதார் நகல் கேட்பார்கள், ஆள் மாறினால் விடமாட்டார்கள், உள்ளே இருக்கும் ஷோகேஸைத் தொட விடமாட்டார்கள். வெளி முகப்பு மட்டும் கிடைத்தாலே போதும், எடுத்துக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணி, கும்பகோணம் லாட்ஜுகள் தனி ரகம். அங்கே வாரா வாரம் வேலை கிடைப்பது அபூர்வம். வருடத்துக்கு மூன்று நான்கு பெரிய வேலைகள் வரும்.

ஒரே ஊரில் பிடிப்பதா, கிடைக்கிற ஊரிலெல்லாம் பிடிப்பதா?

ஒரே தெருவில் பிடியுங்கள். தொடங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரு கடைக்காகப் போய்வந்தால் பெட்ரோலும் இரண்டரை மணி நேரமும் போய்விடும், அந்தக் கடையில் கிடைக்கும் பணம் அதற்கே சரியாகிவிடும்.

தஞ்சாவூர் என்றால் மெடிக்கல் காலேஜ் ரோடு, கும்பகோணம் என்றால் பெரிய தெரு, மயிலாடுதுறை என்றால் பட்டமங்கலத் தெரு, திருவாரூர் என்றால் தெற்கு வீதி என்று உங்களுக்குப் பக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாள் காலையில் நோட்டுடன் நடங்கள். கண்ணாடி முகப்புள்ள கடை ஒவ்வொன்றுக்கும் பெயர், எத்தனை கண்ணாடி, எந்தத் திசை பார்த்தது, எந்த மாதிரி அழுக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். நாற்பது கடை எழுதியதும் நிறுத்திக்கொண்டு, அந்த நாற்பதையும் மூன்று சுற்று பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள். முதல் சுற்றிலேயே 'சரி' என்பவர் குறைவு. பக்கத்துக் கடையில் நீங்கள் துடைப்பதை இரண்டு மூன்று வாரம் பார்த்தவர்தான் தானே கூப்பிட்டுக் கேட்பார்.

முதல் தடவை கடைக்குள் போய் என்ன பேசுவது?

நேரம் முதலில். கடை திறந்து சாமி படத்துக்குப் பூ வைக்கிற நேரத்தில் போகாதீர்கள். காலை பத்தரைக்கு மேல், அல்லது மதியம் மூன்றிலிருந்து நாலரைக்குள் போகலாம். முகூர்த்த நாளில் ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் போகவே வேண்டாம். மாதத்தின் முதல் வாரம் வங்கிக்குப் போனால் மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: "வணக்கம் சார். இந்தத் தெருவுல கண்ணாடி துடைக்கிற வேலை எடுத்துச் செய்யறோம். வாசக் கதவுல ஒரு பக்கத்த மட்டும் துடைச்சுக் காட்டறோம், அஞ்சு நிமிஷம்தான் ஆகும். காசு வேணாம். புடிச்சிருந்தா அளந்து ரேட் எழுதித் தர்றோம்." கல்லாவில் இருப்பவர் வயதானவராக இருந்தால் "ஐயா", உங்கள் வயதுக்காரர் என்றால் "அண்ணே". எப்படி அழைத்தாலும், கையில் வாளியும் வைப்பரும் இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டை மட்டும் நீட்டுகிறவருக்கு 'அப்புறம் பார்க்கலாம்' என்பதே பதிலாக வரும்.

இரட்டைக் கதவில் ஒரு கதவை மட்டும் துடையுங்கள், உள்ளும் வெளியும். ஐந்து லிட்டர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் 5 மி.லி., அதாவது ஒரு சின்ன ஸ்பூன், போதும். கூடினால் கோடு விழும். கீழே ஒரு பழைய துண்டை விரித்துவிட்டு, நுரைத் துணியால் கண்ணாடி முழுதும் தேயுங்கள். பிறகு மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்தை உலர்ந்த துணியால் துடைத்து, அங்கிருந்து வைப்பரை இறக்குங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்க வேண்டும். கடைசியாக நான்கு ஓரங்களையும் மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பார்த்துவிட்டு, ரேட் எழுதிய தாளைக் கொடுத்து வந்துவிடுங்கள். அன்று முழுதும் ஒரு கதவு பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் நிற்கும். உள்ளே வருகிற வாடிக்கையாளர் சொல்லாவிட்டாலும் மேலாளர் கண் அதில் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு கதவையும் துடைத்துக் கொடுத்தீர்களானால் அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ஒன்றில் கவனம் வேண்டும். கதவுக் கண்ணாடியில் ஆயுத பூஜைக்கோ வெள்ளிக்கிழமையோ வைத்த சந்தனம், குங்குமப் பொட்டு இருந்தால் கேட்காமல் அழிக்காதீர்கள். "இதை விட்டுட்டுச் சுத்தித் துடைக்கட்டுமா சார்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே உங்கள்மேல் மரியாதை வரும்.

"கடைப் பையனே துடைக்கிறானே, உங்களுக்கு எதுக்குத் தனியா காசு?" என்றால்?

அந்தப் பையனைக் குறைத்துப் பேசாதீர்கள். நீங்கள் போன பிறகு உங்கள் வேலையைப் பற்றி முதலாளியிடம் சொல்லப்போகிறவர் அவர்தான். தன் பிழைப்பில் கை வைக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டால் நீங்கள் விட்ட ஒரு கோடுகூட முதலாளி காதுக்குப் போகும்.

வேலையைப் பிரித்துச் சொல்லுங்கள். கைப்பிடி உயரத்தில் விழும் விரல் ரேகையைத் தினமும் அவரே துடைக்கட்டும். கை எட்டாத மேல் பகுதி, வெளிப்பக்கம், ஓரச் சட்டம், கீழே படியும் வெள்ளைக் கறை ஆகியவை வாரம் ஒரு முறை உங்களுடையவை. நல்ல மைக்ரோபைபர் துணி இரண்டைக் கடைக்குக் கொடுத்து, ஒன்றை ஈரத்துக்கும் ஒன்றை உலரத் துடைக்கவும் எப்படிப் பயன்படுத்துவது என்று அவருக்குக் காட்டிக் கொடுங்கள். செய்தித்தாளும் தரை துடைத்த துணியும் எண்ணெய்ப் பசையை எடுப்பதில்லை, இடம் மாற்றித்தான் வைக்கும். ஒரு தடவை பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும்.

ரேட் எப்படிப் போடுவது? சதுர அடிக்கு எவ்வளவு?

சதுர அடி ரேட்டில் தொடங்காதீர்கள், நேரத்தில் தொடங்குங்கள். சதுர அடியைக் கணக்கைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கூலி உங்கள் ஊரில் என்னவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கீழ்த்தளத்தில் நாலுக்கு ஏழு அடிக் கண்ணாடி பத்து, இரு பக்கமும்: 560 சதுர அடி. முதல் மாடியில் ஐந்துக்கு நாலு அடி சன்னல் எட்டு, வெளிப்பக்கம் மட்டும்: 160. மொத்தம் 720 சதுர அடி. இரண்டு பேர், சாமான் இறக்கி ஏற்றுவது உட்பட ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு நாள் கூலி 800 ரூபாய். எட்டு மணி நேரத்தில் உண்மையில் துடைக்கிற நேரம் ஆறு மணிதான், மற்றதெல்லாம் வண்டியிலும் டீக்கடையிலும் காத்திருப்பதிலும் போகும். ஆகவே ஒரு ஆளின் ஒரு மணிக்கு 133 ரூபாய். இரண்டு பேர், ஒன்றரை மணி என்றால் 400. பெட்ரோல், ரப்பர், திரவம், துணி துவைப்பு 60. ஆக 460. இதன்மேல் 40 சதவீதம் வையுங்கள். மழையில் வீணாகும் நாள், வராத பணம், புதுச் சாமான், உங்கள் லாபம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 644 வரும், 650 என்று எழுதலாம். வாரம் ஒரு முறை, மாதம் நாலு முறை என்றால் 2,600 ரூபாய். சதுர அடிக்கு 90 பைசா விழுகிறது.

ஒரே தாளில் மூன்று ரேட் கொடுங்கள்: வாரம் ஒரு முறை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மாதம் ஒரு முறை. இடைவெளி கூடக் கூட அழுக்கு கெட்டிப்படும் என்பதால் ஒரு முறைக்கான ரேட்டும் கூட வேண்டும். அந்தக் காரணத்தையும் அதே தாளில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பலர் நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

பக்கத்துக் கடைக்கு என்ன ரேட் சொன்னீர்கள் என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். ஒருவருக்குக் குறைத்தால், எதற்காகக் குறைத்தீர்கள் என்று மற்றவரிடம் சொல்லும்படி காரணம் இருக்க வேண்டும்: 'அவர் மூன்று கிளைக்கும் சேர்த்துக் கொடுத்தார்' என்பது போல.

முதல் சுத்தத்துக்கும் இதே ரேட்டா?

இல்லை. முதல் தடவை இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும், அதைத் தனியாக எழுதுங்கள். நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம் உப்புக்கறை. காலையில் போர் தண்ணீரால் வாசல் தெளிக்கிறார்கள். அது தெறித்துத் தெறித்து கண்ணாடியின் கீழ் ஒரு அடி வெள்ளையாகப் பூத்திருக்கும். ஏ.சி. வெளி யூனிட்டிலிருந்து தண்ணீர் ஒழுகி, தூசியோடு காய்ந்த கோடுகளும் இருக்கும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, கரைத்துத் தடவி ஐந்து முதல் பத்து நிமிடம் காயவிடாமல் வைத்திருங்கள். பிறகு வெள்ளை நிற மென்மையான பேடால் தேய்த்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். பச்சை ஸ்கிரப்பர் வேண்டாம். கீழே படிக்கட்டு கடப்பாக்கல்லோ மார்பிளோ என்றால் முதலில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து ஓரத்தை ஈரத்துணியால் அடையுங்கள். இரண்டுமே சுண்ணாம்புக் கல் வகை, ஆசிட் பட்ட இடம் பளபளப்பு போய்விடும், துடைத்தால் திரும்பாது. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிடை எந்தக் காரணத்துக்கும் எடுக்காதீர்கள். அலுமினியச் சட்டத்தை அது கருக்கிவிடும்.

இரண்டு தடவை தடவியும் போகவில்லை, விரல் நகத்தால் தடவினால் வழவழப்பாக இருக்கிறது, ஆனால் வெள்ளையாகத் தெரிகிறது என்றால் அது மேலே படிந்த கறை அல்ல, கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது. சீரியம் ஆக்சைடு வைத்து மெஷினில் பாலிஷ் போட்டால் ஓரளவு குறையும். அது தனி வேலை, தனி ரேட். 'போய்விடும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ரேட் தாளிலேயே எந்தக் கண்ணாடி அப்படி இருக்கிறது என்று குறித்துவிடுங்கள்.

தண்ணீர் எங்கே பிடிப்பது? கடைத் தண்ணீர் உப்பாக இருக்கிறதே?

கரைந்த உப்பை அளக்கும் பேனா அளவு மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரநிர்ணயம் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்துப் போர்களில் அதைவிட எவ்வளவோ கூட இருக்கும்.

வைப்பரால் இழுத்து எடுக்கிற வேலைக்கு உப்புத் தண்ணீரும் ஓடும், ஏனென்றால் தண்ணீர் கண்ணாடியில் தங்குவதில்லை. ஓரத்தில் தேங்கும் சொட்டை மட்டும் விடாமல் ஒற்ற வேண்டும். முடிந்தால் கடைசிக் கழுவலுக்கு 20 லிட்டர் கேன் தண்ணீரை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நின்றபடி நீளக் கம்பியில் மாட்டிய பிரஷ்ஷால் தண்ணீர் பாய்ச்சித் துடைத்து அப்படியே காயவிடும் முறைக்கு இது போதாது. அதற்கு உப்பு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு, மிச்ச உப்பை எடுக்கும் ரெசின் குடுவை வழியாகவும் தண்ணீர் வர வேண்டும். முதல் வருடமே அதில் பணம் போட வேண்டாம்.

எந்த மாதத்தில் யாரிடம் போனால் ஆர்டர் கிடைக்கும்?

டெல்டாவில் அழுக்கும் வியாபாரமும் சாகுபடியோடு சேர்ந்தே நகர்கின்றன. இதைப் புரிந்துகொண்டவர் ஒரு மாதம் முன்னதாகப் போய் நிற்பார்.

மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரிலும் சம்பா, தாளடி அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரையும் போகும். அறுவடை மெஷின் ஓடும்போது பைபாஸ் ஓரத்து ஷோரூம்களிலும் கொள்முதல் நிலையத்துப் பக்கத்து வங்கிக் கிளைகளிலும் பதர்த் தூசி அப்பிக்கொள்ளும். அறுவடைப் பணம் ஊருக்குள் புழங்குகிற அந்த நேரத்தில்தான் டிராக்டர், பைக் ஷோரூம்களுக்கு ஆளும் வரும். ஆர்டர் கேட்க நல்ல சமயம்.

அரிசி ஆலைப் பக்கம் இருக்கும் ஆபீஸ்களில் உமிச் சாம்பல் படிந்திருக்கும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தாலே கண்ணாடியில் மெல்லிய கீறல் விழும். முதலில் தண்ணீரை ஊற்றி இறக்கிவிட்டுத்தான் துணியே தொட வேண்டும். ஆலை ஆபீஸுக்கு ரேட் கொடுக்கும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள். வேலை தெரிந்த ஆள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஐப்பசியில் மழைவிட்ட சாயங்காலம் வயலிலிருந்து பச்சைப்பூச்சி கூட்டம் கூட்டமாகக் கடை விளக்குக்கு வந்து, காலையில் கண்ணாடி முழுதும் புள்ளியாகச் செத்து ஒட்டியிருக்கும். தீபாவளி வியாபார நேரமும் அதுவே. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறதே, மழையில் துடைத்து என்ன பயன் என்று கடைக்காரர் கேட்பார். 'மழைத் தண்ணீரைவிட சாலைச் சேறும் பூச்சியும்தான் கண்ணாடியைக் கெடுக்கின்றன, உள்பக்கமும் கதவும் வாரம் தவறாமல் செய்கிறோம், கனமழையில் வெளிப்பக்கத்தை இரண்டு நாளுக்குள் வந்து முடிக்கிறோம்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும். லாட்ஜுகளுக்கு ஜூலை முதல் வாரமே போய், ஆகஸ்ட் 20-க்குள் முடிப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள். கடற்காற்று உப்பு அங்கே இரண்டு வாரத்தில் மறுபடி மங்க வைத்துவிடும், அதனால் ரொம்ப முன்னாடி செய்வதிலும் பயனில்லை. கல்யாண மண்டபங்களுக்கு ஆடியும் மார்கழியும் காலியான மாதங்கள், பெரிய சுத்தத்துக்கு அப்போதுதான் நாள் கிடைக்கும். கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-இல். சென்றது 2016-இல் நடந்தது. லாட்ஜ், ஹோட்டல், வங்கி எல்லாமே அதற்கு முன் வருடம் புதுப்பிக்கும் வேலையில் இறங்கும். இப்போதே அந்த முதலாளிகளிடம் முகம் பழகி வையுங்கள்.

புது ஒப்பந்தத்தை ஆடியிலோ மார்கழியிலோ தொடங்க விரும்பாத முதலாளிகள் உண்டு. வற்புறுத்தாமல் 'ஆவணி ஒண்ணுல ஆரம்பிச்சுக்கலாம்', 'தை பொறந்ததும் வர்றோம்' என்று தேதி குறித்துக்கொண்டு வாருங்கள்.

வங்கியிலும் மருத்துவமனையிலும் யாரைப் பார்க்க வேண்டும்?

வங்கிக் கிளை மேலாளருக்குச் சிறு செலவு செய்யத்தான் அதிகாரம். மாதாந்தர ஒப்பந்தம் பெரும்பாலும் மண்டல அலுவலகத்துக்குப் போகும். ஆனாலும் கிளையிலிருந்தே தொடங்குங்கள். மேலாளர் தன் அதிகாரத்துக்குள் ஒரு முறை வேலை கொடுத்து, அது பிடித்துப்போனால் மண்டலத்துக்குக் கடிதம் எழுத உங்களுக்கு ஒரு சாட்சி கிடைக்கும். சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகம் கும்பகோணத்திலேயே இருக்கிறது, 1904-இல் தொடங்கிய வங்கி. இப்படித் தலைமையகம் உள்ளூரில் இருக்கும் நிறுவனங்களில் முடிவெடுப்பவரை நேரில் பார்க்க வாய்ப்பு உண்டு.

தனியார் மருத்துவமனையில் டாக்டரைத் தேடிக் காத்திருக்காதீர்கள். நிர்வாக அலுவலரையோ, இல்லாவிட்டால் தலைமை நர்ஸையோ பாருங்கள். வார்டுக்கும் வாசலுக்கும் தனித்தனித் துணி, தனித்தனி வாளி என்று நிறம் பிரித்து வைத்திருப்பதைக் காட்டுங்கள். அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

என்னென்ன காகிதம் கேட்பார்கள்?

சிறு கடைக்கு பில் புத்தகமே போதும். அதற்கு மேல் போனால் பான் அட்டை, தொழில் பெயரில் நடப்புக் கணக்கு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு. உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

ஜிஎஸ்டி: சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். துப்புரவுச் சேவைக்கு 18 சதவீதம். பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சில கம்பெனிகள் ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு வேலை தருவதில்லை. அப்படி ஒரு ஆர்டருக்காகப் பதிந்தால் மற்ற சிறு கடைகளுக்கும் அந்த வரியைச் சேர்த்துத்தான் பில் போட வேண்டும் என்பதைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒப்பந்த வேலைக்கு நிறுவனங்கள் வரி பிடிப்பார்கள்: தனிநபர் தொழிலுக்கு 1 சதவீதம், ஒரே பில் 30,000 ரூபாய் தாண்டினாலோ வருடத்தில் மொத்தம் ஒரு லட்சம் தாண்டினாலோ. பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பிடித்த பணம் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்தால் இ.எஸ்.ஐ., இருபதோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். இரண்டு ஆளோடு தொடங்கும்போது இவை பொருந்தாது. ஆனால் ஆளுக்கு விபத்துக் காப்பீடு இல்லாமல் ஏணி ஏற்றாதீர்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் வரை விபத்துக் காப்பு, 18 முதல் 70 வயது வரை. அது அடித்தளம் மட்டுமே. தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக எடுத்து, அதன் நகலை ரேட் தாளோடு வையுங்கள். பெரிய இடங்களில் போட்டியாளரிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு தாளாகத்தான் இருக்கும்.

எத்தனை மாடி வரை ஒப்புக்கொள்ளலாம்?

தரையில் நின்று நீளக் கம்பியால் எட்டுகிற வரை. ஏறக்குறைய இரண்டு மாடி. ஏணி வைத்தால் நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் அடிப்பாகம் தள்ளியிருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

கும்பகோணம், மயிலாடுதுறை பழைய தெருக்களில் மின்கம்பி கடை முகப்பை ஒட்டியே போகும். அலுமினிய ஏணியும் அலுமினியக் கம்பியும் அங்கே எமன். துடைக்கிற கம்பி எதுவானாலும் ஈரமானால் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பியிலிருந்து பத்து அடி விலகி வேலை செய்ய முடியாத கண்ணாடியைத் தொடவே கூடாது. ரேட் தாளில் 'மின்கம்பி அருகே, செய்யப்படாது' என்று எழுதிவிடுங்கள். இதனால் போகிற ஆர்டர் போகட்டும்.

மூன்றாவது மாடியிலிருந்து மேலே எல்லாம் கயிற்றில் இறங்கும் வேலை. பயிற்சி பெற்ற குழு, வேலைக் கயிறும் பாதுகாப்புக் கயிறும் தனித்தனி, ஐஎஸ் 3521 முத்திரையுள்ள முழு உடல் பெல்ட் எல்லாம் வேண்டும். திருச்சியிலிருந்து அப்படிப்பட்ட குழுவை வருடத்துக்கு இரண்டு முறை வரவழைத்து, கீழ்த்தளத்தை நீங்கள் வாரா வாரம் பார்த்துக்கொள்வதாகச் சேர்த்து ரேட் கொடுக்கலாம்.

வேலை முடிந்தும் பணம் வரவில்லை என்றால்?

மாதக் கடைசி நாளில் பில்லைக் கையில் கொடுத்து, வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கிய அட்டை இருந்தால் 'நாலு தடவை வந்தீங்களா, மூணு தடவையா?' என்ற பேச்சே வராது. வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் கல்லாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கத் தயங்கும் முதலாளிகள் நம் பக்கம் நிறைய. வியாழன் மதியம் போய்க் கேளுங்கள்.

உத்யம் பதிவுக்கு இங்கே பயன் உண்டு. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தர நிறுவனச் சட்டம். தாமதமானால் பணம் கொடுத்த வருடக் கணக்கில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும் என்று 2023 நிதிச் சட்டம் வருமான வரியிலும் மாற்றம் செய்தது. இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டிருந்தால் அவர்களுடைய ஆடிட்டரே நினைவூட்டிவிடுவார்.

பிடித்த ஆர்டர் ஏன் மூன்று மாதத்தில் போய்விடுகிறது?

கண்ணாடி சரியில்லை என்பதால் போவது குறைவு. செவ்வாய் வருவதாகச் சொல்லி வியாழன் வருவது, கடை திறந்து கூட்டம் வந்த பிறகு வாளியோடு நிற்பது, வாரம் ஒரு புது ஆளை அனுப்புவது, முன்னால் நிற்கும் பொம்மையை நகர்த்திவிட்டுத் திரும்ப வைக்காமல் போவது, இவற்றால்தான் போகிறது. கிழக்கு பார்த்த கடையை மதியத்துக்கும் மேற்கு பார்த்ததைக் காலைக்கும் ஒதுக்குங்கள். சித்திரை வெயிலில் சூடான கண்ணாடியில் தண்ணீர் வைப்பர் இழுப்பதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். வராமல் போகப்போகிறீர்கள் என்றால் முதல் நாள் சாயங்காலமே போன் செய்து சொல்லுங்கள்.

கண்ணாடி கீறினாலோ உடைந்தாலோ?

புதுக் கட்டடத்தில் சிமெண்ட், பெயிண்ட் துளியை பிளேடால் சுரண்டச் சொல்வார்கள். டஃபன்ட் கண்ணாடியில், அதாவது சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடியில், தயாரிப்பின்போதே நுண்துகள் ஒட்டியிருந்தால், பிளேடு அதை இழுத்துக்கொண்டு போய்க் கீறிவிடும். முதலில் ஓரமாக ஒரு சாண் இடத்தில் சுரண்டிப் பார்த்து, மேலாளரிடம் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு தொடருங்கள். சன் பிலிம் ஒட்டிய பக்கத்தில் பிளேடு கூடவே கூடாது. அம்மோனியா கலந்த திரவமும் வேண்டாம். புதிதாக ஒட்டியிருந்தால் 30 நாள் கழித்துத்தான் அந்தப் பக்கத்தைத் தொட வேண்டும்.

முதல் நாள் வேலை தொடங்குமுன் எல்லாக் கண்ணாடியையும் செல்போனில் படமெடுத்து, இருக்கிற கீறல், ஓர உடைசல், தளர்ந்த ரப்பர் ஆகியவற்றை எண் போட்டு மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்கள் கையால் உடைந்தது என்றால் அன்றே ஒப்புக்கொண்டு, அளவெடுத்து, கண்ணாடிக் கடைக்கு நீங்களே போன் செய்யுங்கள்.